கோபுரத்துக்குள் ஒரு சித்திரசாலை

களக்காட்டுக்கு வடக்கே, தாமிரபரணியும் கடனா நதியும் கூடுமிடத்தில் உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில், ஸ்வாமி தரிசனத்தோடு திருப்தியடையாமல், இராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர்களை நிறைத்துக்கொண்டிருக்கும் சித்திரங்களை நினைப்பவர் சிலரே. செதுக்கு வேலை நிறைந்த மரத்தூண்களிடையே நின்று, சாளரத்தின் சாய்ந்த வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், சுண்ணச்சாந்தின் வெண்மையிலிருந்து காவியும் மஞ்சளும் மெல்லத் துலங்க, குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலமும், யானைகளும் சேனைகளும் கலக்கும் யுத்தமும், இராமாயணக் காட்சிகளும் வரிசை வரிசையாகப் புறப்படுகின்றன. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், விண்ட்சர் அரண்மனை ஆலயத்துக்கென்று பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஆஸ்தான ஓவியரைக் கொண்டு வரைவித்த விவிலியச் சித்திர வரிசை அந்த ஆலயத்தில் ஏறாமலே போயிற்று. நம்மவை இன்னும் தம் சுவரிலேயே இருக்கின்றன என்பதில் எனக்குச் சற்றுக் கர்வந்தான்.

வர்ணத்தைவிட என்னை வசீகரிப்பது கோடு. குதிரையின் கழுத்து வளைவில் தயக்கமோ நடுக்கமோ இன்றி ஓடிய தூரிகை, நகைகளின் நுணுக்கத்துக்கு வந்ததும் நிதானித்து, கூட்டத்தில் நிற்கும் சாமானியனின் வஸ்திரத்துக்கும் அதே சிரத்தையோடு கரை தீட்டியிருக்கிறது. ஆங்காங்கே சாந்து உதிர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆயினும் எஞ்சிய பாதிக் குதிரையே பாய்ச்சலை முழுதாகக் காட்டிவிடுகிறது.