மெய்யுளும் கிணற்று நீரும்

ஆன்மிகம் என்றதும் அதனை உலகைத் துறந்தோடும் நெறியென ஒதுக்கிவிடுவது ஈழத்து விமர்சனத்திற் பெருவழக்காயிற்று. மு. தளையசிங்கம் (1935–1973) இவ்வழக்கினால் முழுமையாக வாசிக்கப்படாது போனவர். தென்னிலங்கையில் இளைஞர் ஆயுதமேந்திய 1971ஆம் ஆண்டிலேயே, புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார். உவர்நீர் சூழ்ந்த தீவில் நன்னீர்க் கிணறு எத்தகையதென்பதை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. இதனைத் தப்பியோட்டம் என்பது எங்ஙனம்?

செய்யுள், உரைநடை என்னும் பிரிவைக் கடந்த உருவமாக அவர் கருதியதே ‘மெய்யுள்’. கற்பனைத் திரையை விலக்கி, எழுதுபவனின் பிரக்ஞையே நேர்நின்று பேசவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒருவன் எழுத்தும் வாழ்வும் வேறாக நிற்றலாகாது என்ற கோரிக்கையும் அதனுள் அடக்கம். கிணற்றடிப் போராட்டத்தை அக்கோட்பாட்டின் பகுதியாகவே நான் கொள்கின்றேன்.

ஆயின், அவர் மறைவின்பின் 1974இல் வெளிவந்த ‘மெய்யுள்’ நூல் கலைநிலையில் முழுநிறைவு தருவதன்று. கற்பனை விலகிய இடங்களிற் பாத்திரங்கள் மெலிய, ஆசிரியர் குரலே ஓங்குகின்றது. (முற்போக்கு அணியினரிடம் அவர் கண்ட குறையும் ஏறத்தாழ இதுவன்றோ!) கோட்பாடு உருப்பெறுமுன் எழுதிய ‘புதுயுகம் பிறக்கிறது’ (1965) சிறுகதைகளில் மனத்தின் மறைவிடங்கள் பாத்திரங்களின் வழியே திறக்கின்றன. அவரைப் புதிதாக அணுகும் மாணவர் அத்தொகுதியிலிருந்தே தொடங்குதல் தகும்.