பட்டினி கிடந்த ஈஸ்ட் காட்டிய அற்புதம்

பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டை ஒருமுறையாவது நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துப் போய்விட்டது. முட்டை வடிவச் செல்லுக்குள் வெளிறிய வட்டமாக ஒரு பை. அதன் பெயர் வாக்குவோல். வேண்டாதவற்றைச் சிதைக்கும் நொதிகள் அதில்தான் இருக்கின்றன. முதுமையைப் பற்றி நான் படித்தவற்றிலேயே மிக அழகான கதை இந்தப் பைக்குள்தான் நடந்தது!

1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் தொடங்கிய யோஷினோரி ஓசுமி, சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்திலேயே பைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் குவிந்து துள்ளின. செல் தன் பாகங்களையே இரட்டைச் சவ்வில் பொதிந்து, சிதைப்பதற்காக உள்ளே அனுப்பியிருந்தது. ஆட்டோபேஜி என்னும் தன்னுண்ணலை அவர் கண்ணாரக் கண்டார். அடுத்து, அதற்கு இன்றியமையாத 15 மரபணுக்களை 1993-ல் அடையாளம் காட்டினார். அவற்றில் பலவற்றின் உறவுக்காரர்கள் நம் உடலிலும் இருக்கிறார்கள். 2016-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நம் செல்களில் இந்த வேலையை லைசோசோம்கள் செய்கின்றன. உருக்குலைந்த புரதங்களும் பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களும் அங்கே உடைபட்டு, புதிய பாகங்களுக்கு மூலப்பொருளாகின்றன. வயது ஏற ஏற இந்த வேகம் தளர்கிறது. ஆயுள் முழுக்க நம்மோடு வரும் நரம்பு செல்களுக்குப் பிரிந்து பெருகும் வழியும் இல்லை. தேங்கும் குப்பை அவற்றை நேரடியாகத் தாக்குகிறது.

தன்னுண்ணலுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்புக்குச் சோதனைச் சான்றுகளும் உண்டு. நீண்ட ஆயுள் கொண்ட ஒருவகைப் புழுக்களில் தன்னுண்ணலுக்கான ஒரு மரபணுவை முடக்கியதும், அந்தக் கூடுதல் ஆயுள் போய்விட்டது, இது 2003-ல். 2013-ல் அத்தகைய இன்னொரு மரபணுவை எலிகளில் கூடுதலாகச் செயல்பட வைத்தார்கள். அவற்றின் ஆயுள் சுமார் 17 சதவீதம் நீண்டது. படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை!

மனித ஆயுளை இப்படி நீட்டிக் காட்டிய மாத்திரையோ விரதமுறையோ இன்னும் இல்லை. அதனால் இந்தக் கண்டுபிடிப்பின் பெருமை ஒரு துளியும் குறையாது. இளமை என்பது பழுதே இல்லாத நிலை அல்ல, பழுதை ஓயாமல் சரிசெய்யும் திறன் என்று அது நமக்குக் காட்டிவிட்டது. உயிரியல் ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு ஈஸ்டைக் காட்டுங்கள், ஓசுமியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.