இமாம் கஸ்ஸாலி மீண்டது எப்போது?

மனச்சோர்வைப் பற்றி எம்மவர் எழுதும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடிகின்றன. நோயாளி எழும்புகிறார், தொழுகிறார், வேலைக்குப் போகிறார், கதை முடிந்தது. இம்முடிவுடன் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல இமாம் கஸ்ஸாலியின் ‘அல்முன்கித் மினழ் ழலால்’ நூலைத் துணைக்கு எடுக்கிறேன்.

1095இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராக இருந்தவர் இமாம். போவதா, இருப்பதா என்று ஏறத்தாழ 6 மாதங்கள் தவித்தார். பாடம் சொல்ல நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்தது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். இன்றைய நோய்ப் பெயரை அவருக்குச் சூட்ட நான் வரவில்லை. வகுப்பில் நா எழாமல் நின்ற ஓர் ஆசிரியரின் எழுத்தாகவே அதை வாசிக்கிறேன்.

ஏனெனில், நமுனுகுலயில் நானும் அப்படி நின்றவன். நீண்ட லீவு, மாதாமாதம் பதுளைக்குப் போய் மருந்து. வரவு இடாப்பில் மீண்டும் கையொப்பமிட்ட அன்றே அதிபருக்கு நான் சுகம். கேட்டு வாங்கிச் சோறு தின்ற இரவில் மனைவிக்குச் சுகம். ஜும்ஆவுக்குப் போனதும் ஜமாஅத்தாருக்குச் சுகம். இவர்களின் தீர்ப்பை நம்பி, வைத்தியரிடம் கேளாமல் மருந்தை நிறுத்தினேன். நான்கு மாதத்தில் மறுபடி படுக்கை. இரண்டாம் முறை, லயத்துப் பிள்ளையொன்று கொப்பியில் எழுதியிருந்த பிழையான விடையைப் பார்த்து என்னையறியாமல் சிரித்தேன். எனக்குச் சுகம் அன்றுதான் தொடங்கியது. இன்றும் சில காலைகளில் எழும்புவது பாரமே.

இமாம் 1106இல் ஆட்சியாளரின் அழைப்பின் பேரில் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். அழைத்தவர்களுக்கு ஆசனம் நிரம்பியது, அவ்வளவே. அவரோ அதைத் திரும்பி வந்ததாகக் கொள்ளவில்லை. முன்னர் புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்தவர், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகச் சொல்கிறார். பழைய மனிதராக ஆவதல்ல மீட்சி என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன எழுத்தை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

ஆனாலும் நூலில் ஒரு குறை உண்டு. பிள்ளைகளின் அழைப்பே தன்னை ஊருக்கு இழுத்தது என்கிறார் இமாம். வாப்பா இல்லாத ஆண்டுகளை அப்பிள்ளைகள் எப்படிக் கழித்தனர், அவர்களுக்கு அவரது மீட்சி என்னவாக இருந்தது என்பதற்கு நூலில் இடமில்லை.

ஈமான் குறைவால் வருவதே இந்நோய் என்போருக்கு ஒரு வார்த்தை. கஸ்ஸாலிக்கும் முந்தியவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934). காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை என இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்று அவர் எழுதினார்.

தோட்டத்தில் படுத்திருந்த ஒரு தாய்க்குச் செக்ரோலில் மீண்டும் பேர் விழுந்தால், கணக்கப்பிள்ளைக்கு அவள் சுகம். அவளிடம் யாரும் கேட்பதில்லை. எமது எழுத்தாளர்களாவது கதையை முடிக்குமுன் அவளிடம் ஒருமுறை கேட்கட்டும்.