மரக்காலையும் மதிப்பீட்டுத் தாளும்

யாழ்ப்பாணத்தில் தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ் படிக்கிற இளைஞர்களில் பலருக்குக் கண் கட்டார், துபாய், சவூதி பக்கம்தான். அங்கே கட்டுமானக் கொம்பனிகளில் ‘சேஃப்டி ஒபிசர்’ வேலைக்குப் போவதற்கு, இங்கிலாந்தின் நெபோஷ் அமைப்பு வழங்கும் சர்வதேசப் பொதுச் சான்றிதழைக் கேட்கிறார்கள். இதற்கு இரண்டு அலகுகள். முதலாவது, படித்ததை வைத்துப் பதில் எழுதுவது. இரண்டாவது, உண்மையான ஒரு வேலைத்தலத்துக்குப் போய் இடர் மதிப்பீடு செய்து அறிக்கை கொடுப்பது. இந்த இரண்டாவது அலகு மிக நல்ல கேள்விகளைக் கேட்கிறது. பதில் எங்கிருந்து வந்தது என்பதையும் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் மட்டும் அது கவனிப்பதில்லை.

அறிக்கைக்கு நான்கு பகுதிகள். வேலைத்தலம் எப்படிப்பட்டது, யாருடன் பேசினீர்கள், எப்படி மதிப்பிட்டீர்கள் என்பது முதலாவது. அடுத்தது அட்டவணை. குறைந்தது 5 வகைகளிலிருந்து 10 ஆபத்துகள், ஒவ்வொன்றாலும் யாருக்கு எப்படித் தீங்கு வரலாம், ஏற்கெனவே என்ன ஏற்பாடு இருக்கிறது, இனி எதை, எவ்வளவு காலத்துக்குள், யார் செய்யவேண்டும் என்று அதில் நிரப்பவேண்டும். மூன்றாவதில், மிக அவசரமான மூன்று நடவடிக்கைகளைத் தெரிந்தெடுத்து, அறம், சட்டம், பணம் என்ற மூன்று பக்கத்தாலும் நியாயம் காட்டவேண்டும். நான்காவது, மீளாய்வுத் திகதியும் முடிவுகளை யாருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதும். இந்த அலகுக்குப் புள்ளி கிடையாது. தேறினால் தேறியதுதான், இல்லையென்றால் திரும்ப எழுதிக் கொடுக்கவேண்டும்.

பாடமாக்கி எழுதியே ஓ.எல்., ஏ.எல். கடந்துவந்த பிள்ளைகளுக்கு இது புது அனுபவம். இதற்கென்று ஒரு விடைப்புத்தகம் இருக்கமுடியாது. நிற்கிற இடம்தான் வினாத்தாள்.

ஒரு மரக்காலையை எடுத்துக்கொள்வோம். வட்ட வாளின் மேல்மூடி கழற்றப்பட்டுச் சுவரோரம் தூசி பிடித்துக் கிடக்கிறது. அவசரப்படுகிறவர் உடனே எழுதுவார்: மூடியைப் பூட்டவேண்டும், பயிற்சி கொடுக்கவேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். எல்லாம் சரி. ஆனால் வாளில் நிற்பவரிடம் அதை ஏன் கழற்றினார்கள் என்று கேட்டால், “தம்பி, அதைப் போட்டா சின்னச் சிலாகை தள்ளேலாது, கை போக இடமில்லை” என்பார். இந்த ஒரு வசனம் மதிப்பீட்டையே மாற்றிவிடும். உயரம் மாற்ற முடியாத மூடியைத் திரும்பப் பூட்டினால் நாளைக்கே அது சுவரோரம் போய்விடும். மரத்தின் தடிப்புக்கேற்ப ஏறி இறங்கும் மூடி வேண்டும். சின்னத் துண்டைத் தள்ள, கைக்குப் பதிலாக ஒரு தள்ளுகட்டை வேண்டும். வாளுக்குப் பின்னால், அறுபட்ட பிளவு மூடிக்கொள்ளாமல் விலக்கிப் பிடிக்கும் தகடும் வேண்டும். அது இல்லாவிட்டால் மரம் வாளை இறுக்கி, தள்ளுகிறவரை நோக்கியே எகிறும். மூடியைப் பார்த்தவரும் மூடி கழன்ற காரணத்தைக் கேட்டவரும் ஒரே ஆபத்தைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டாமவரின் பரிந்துரைதான் அந்த இடத்தில் நிலைக்கும்.

மூன்றாம் பகுதியின் பெறுமதியும் இங்கேதான் தெரிகிறது. விரல் போவது எல்லோர் கண்ணுக்கும் படும். மரத்தூள் அப்படியல்ல. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இலேயே முடிவு சொல்லிவிட்டது. ஆனாலும் நம் மரக்காலைகளில் அது கூட்டித் தள்ளுகிற குப்பைதான். இன்றைக்கே நடக்கக்கூடிய காயம், இருபது ஆண்டு கழித்து வரக்கூடிய நோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை முதலில் திருத்துவது, ஏன் என்று வாதாடச் சொல்கிற தேர்வு நம் ஊரில் வேறு எது? சட்டப் பக்கத்தைத் தேடப் போகிறவர், இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு இருக்கவேண்டும் என்று நம்முடைய 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்வதைக் கண்டுபிடிப்பார். அந்த மூடி சட்டப்படி எப்போதோ இருந்திருக்கவேண்டியது என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கும்.

இனிக் குறைகள். பரீட்சகர் வேலைத்தலத்துக்கு வருவதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். தகவல்கள் உண்மையாக இருக்கவேண்டும் என்பது விதி, பார்த்தெழுதிப் பிடிபட்டால் தண்டனையும் உண்டு. ஆனாலும் மாதிரி அறிக்கைகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பாரந்தூக்கி வண்டி ஒருநாளும் நுழைந்திராத ஒழுங்கைக் கடைக்குப் பாரந்தூக்கி வண்டி மோதும் ஆபத்து எழுதப்பட்டிருப்பதை நான் வாசித்திருக்கிறேன். எழுதியவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் அந்தக் கடைக்குள் அரைமணித்தியாலம் நின்றிருந்தால் மேலே தொங்கும் மின்வயரைக் கண்டிருப்பார்.

10 ஆபத்து, 5 வகை என்ற கணக்கும் இருபக்கமும் வெட்டுகிறது. இயந்திரத்தை மட்டும் பார்க்கிறவரை இரைச்சல், தூசி, மனஅழுத்தம், தீ என்று மற்றப் பக்கமும் திரும்பவைக்கிறது. அது நல்லது. ஆனால் சிறிய இடங்களில் உயிருக்கு உலைவைப்பது ஒன்றோ இரண்டோதான். அதை ஆழமாகத் தோண்டவேண்டிய நேரத்தில் எண்ணிக்கைக்காகக் கதிரை, கணினித் திரை என்று வரிசை நிரம்புகிறது.

இந்தப் பாடத்திட்டம் மனதில் வைத்திருக்கும் வேலைத்தலத்தில் முதலாளி, முகாமையாளர், பாதுகாப்புக் குழு எல்லாம் உண்டு. 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை மாதிரியான இடத்துக்கு அது பொருந்தும். இப்போது குடாநாட்டின் உழைப்பில் பெரும்பங்கு வயலிலும் கடலிலும் வெல்டிங் கடைகளிலும் பனைமரத்திலும் நடக்கிறது. ‘உயரத்தில் வேலை’ என்ற தலைப்பின் கீழ் பாடநூல் சாரம் கட்டச் சொல்லும், பாதுகாப்புப் பட்டியை உறுதியான இடத்தில் கொளுவச் சொல்லும். தளைநாரோடு ஒரு நாளில் பல மரம் ஏறி இறங்குகிற சீவல் தொழிலாளிக்கு எந்த மரத்தில் சாரம் கட்டுவது? அவருக்கு முதலாளியும் இல்லை. தொழிற்சாலைச் சட்டம் பனந்தோப்புக்குள் வராது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம்தான் அவருக்கு இருக்கிற அமைப்பு. ‘பொறுப்பானவர்’ என்ற நிரலில் யாரை எழுதுவது என்று ஒரு மாணவர் உண்மையாகவே தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் பத்து ஆபத்தை விடப் பெரிய கண்டுபிடிப்பு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

எனக்கு மிகவும் நெருடுவது நான்காம் பகுதி. மீளாய்வு ஒரு வருடத்தில் என்று எழுதுகிறார்கள். அதற்குள் எழுதியவர் டோஹாவில் இருப்பார். முடிவுகளைக் கூட்டம் வைத்துத் தொழிலாளருக்கு விளக்குவோம் என்றும் எழுதுகிறார்கள். அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கிறது, வாளில் நிற்பவரின் கைக்கு அது வருவதே இல்லை. அவரிடம் கேட்டறிந்த உண்மை, மாணவருக்கு இங்கிலாந்திலிருந்து சான்று கிடைக்கப் பயன்படுகிறது. அவருக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பி வருவதில்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை. குடாநாட்டின் வாசலில், முகமாலையில், மதிப்பீடு வேறுவிதமாக வாழ்கிறது. 2002 முதல் இலங்கையில் வேலைசெய்யும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளில் நம் பெண்களும் ஆண்களும் முழங்காலில் நின்று கண்ணிவெடி அகற்றுகிறார்கள். அங்கே முதலில் எங்கே வெடி இருக்கலாம் என்ற ஆய்வு, பிறகு குறியிட்ட ஒடுக்கமான பாதை, ஆளுக்கு ஆள் விடவேண்டிய தூரம். எதிர்பாராத ஒன்று தட்டுப்பட்டால் வேலை நிற்கும், திட்டம் மறுபடி பார்க்கப்படும். எழுதியதும் செய்வதும் அங்கே ஒரே ஆட்களின் கையில் இருக்கின்றன. இடர் மதிப்பீடு நமக்குத் தெரியாத வித்தையல்ல.

தேர்வின் விதியை நாம் இங்கிருந்து மாற்றமுடியாது. ஆனால் பயிற்சி நிலையங்கள் செய்யக்கூடியவை உண்டு. அறிக்கையை அனுப்புவதற்கு முன், மூன்று அவசர நடவடிக்கைகளையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, வேலைத்தலத்து உரிமையாளரிடமும் தொழிலாளரிடமும் வாசித்துக்காட்டி விட்டுவரச் சொல்லலாம். அறிக்கையில் குறித்த மீளாய்வுத் திகதியில் அடுத்த அணியை அதே இடத்துக்கு அனுப்பலாம். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் மரவேலையும் வெல்டிங்கும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதே பயிற்சியைத் தமிழிலேயே கொடுக்கலாம். நாளைக்கு அந்த இயந்திரத்தில் நிற்கப்போவது அவர்கள்தான்.

தொழில் திணைக்களம் வந்துவிடும் என்று உரிமையாளர்கள் கதவைச் சாத்துவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுத நெபோஷ் அனுமதிக்கிறது. மாணவர் அதை வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.