படிவம் சரி, மண் வேறு

1946-ல் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் கதிரியக்கம் படிந்த கப்பல்கள் சில, சான் ஃபிரான்சிஸ்கோவின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைச் சுத்தம் செய்யும் வழியைக் கண்டறிவதும் அங்கே ஒரு வேலை. கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகமும் 1969 வரை அந்தத் தளத்தில்தான் இயங்கியது. ரேடியம் பூசிய கருவிகள், ஆய்வகக் கழிவு, கப்பல்களிலிருந்து சுரண்டி எடுத்த படிவுகள் எல்லாம் அந்த நிலத்திலும் அதன் சாக்கடைக் குழாய்களிலும் சேர்ந்தன. 1974-ல் தளம் மூடப்பட்டது; 1989-ல் நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் இடம்பெற்றது. நிலத்தைச் சுத்தப்படுத்தி, வீடு கட்டுவதற்காக நகரத்திடம் ஒப்படைப்பது திட்டம். அந்தப் பணியில் பெரும்பங்கை டெட்ரா டெக் ஈசி என்ற ஒப்பந்த நிறுவனம் ஏற்றது. பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, ராணுவத் தூய்மைப்பணியில் பதிவேடு என்பதை நாம் எவ்வளவு தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பது தெரிகிறது.

இந்தத் தொழிலில் பொறுப்புடைமைக்கு அடித்தளமாக இருப்பது கைமாற்றுப் படிவம். மாதிரி எண், தோண்டிய இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து என ஒவ்வொரு மண் மாதிரிக்கும் ஒரு தாள் உண்டு. குழியிலிருந்து ஆய்வகம் வரை அந்த மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அது காட்டும். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அநாமதேயமாக நடக்கக்கூடிய ஒரு வேலைக்கு அது பெயர் வைக்கிறது. தவறு நடந்தால் தேட வேண்டிய ஆளைச் சுட்டிக் காட்டுகிறது. ஹன்டர்ஸ் பாயின்ட்டில் சோதிக்கச் சொன்ன இடத்தில் தோண்டாமல், சுத்தமானது என்று தெரிந்த வேறோர் இடத்து மண்ணை அள்ளிவந்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக மேற்பார்வையாளர்கள் இருவர் பதிவுகளைப் பொய்யாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் ஆளுக்கு 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அப்படியொரு வழக்கு நின்றிருக்காது.

ஆனால் அதே தாள்தான் அந்த மோசடியைக் காப்பாற்றியும் வந்தது. வேறிடத்து மண்ணை அள்ளியவர்கள் படிவத்தில் எதையும் அழித்துத் திருத்தவில்லை. முதல் வரியிலேயே பொய்யான இடத்தை எழுதினார்கள். அதன்பின் ஒவ்வொரு கையெழுத்தும் முறையாக விழுந்தது. ஆய்வகம் வந்த மண்ணை நேர்மையாகவே அளந்திருந்தாலும், அது அளந்தது வேறிடத்து மண்ணை. கைமாற்றுப் படிவம் பயணத்தைக் காக்கிறது, பிறப்பைக் காப்பதில்லை. மாதிரி குழியிலிருந்து வெளியே வரும் அந்தச் சில நிமிடங்களில், எடுப்பவனைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால், பின்னால் வரும் அத்தனை பூட்டும் பொய்யைத்தான் பத்திரமாகப் பூட்டிவைக்கும்.

அதனால்தான் இப்போது பலரும் சொல்லும் தீர்வு எனக்கு ஏற்புடையதாக இல்லை. பதிவுகளை மின்மயமாக்குங்கள், பிளாக்செயினில் ஏற்றுங்கள், ஒரு முறை எழுதியதை யாராலும் மாற்ற முடியாதபடி செய்யுங்கள் என்கிறார்கள். பின்தேதியிட்டு எழுதுவதையும் பழைய பக்கத்தைக் கிழிப்பதையும் இது தடுக்கும். அந்த அளவில் நல்லதே. ஜிபிஎஸ் முத்திரையும் நேர முத்திரையும் பதிந்த புகைப்படம் கூடச் சேர்ந்தால் ஏய்ப்பது இன்னும் கடினமாகும். என்றாலும் சரியான குழிக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துவிட்டு, வாளியில் வேறு மண்ணை நிரப்ப முடியும். மாற்ற முடியாத பொய் சாதாரணப் பொய்யைவிட ஆபத்தானது. தொழில்நுட்பத்தின் மதிப்பு அதன்மேல் ஏறிவிடுவதால், அதைச் சந்தேகிக்கவே ஆள் துணிவதில்லை.

இந்த மோசடியைக் காட்டிக்கொடுத்தவற்றுள் மண்ணும் ஒன்று. 2012-ல் சில மாதிரிகளின் முடிவுகள் எதிர்பார்ப்போடு பொருந்தவில்லை என்று கடற்படைத் தரப்பே கவனித்தது. எந்த மண்ணிலும் இயற்கையாகவே பொட்டாசியம்-40 இருக்கும். அதன் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். அணுகுண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால், அதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பின்னாளில் தரவுகளை மறுபரிசீலனை செய்தவர்கள் இதையும், இதுபோன்ற வேறு இயற்கைத் தனிமங்களையும் வைத்தே, ஓரிடத்து மண் இன்னோர் இடத்தின் பெயரில் வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். வேலை செய்த தொழிலாளர்கள் சிலரும் உள்ளே நடந்ததை வெளியே சொன்னார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பார்சல் பி என்ற பகுதியின் மண் அலகுகளில் 90 விழுக்காட்டையும், பார்சல் ஜி-யில் 97 விழுக்காட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றது. அதே தரவுகளைப் பார்த்த கடற்படை முறையே 15, 49 விழுக்காடு போதும் என்றிருந்தது. ஒரே தாள்களைப் படித்த இரண்டு தரப்புக்கு இடையில் இவ்வளவு தூரம். வேலையைக் கொடுத்தவரே அதன் தரத்துக்கும் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தாளுக்கு வெளியே இருந்த ஒன்றே உண்மையைச் சொல்வது பிகினியிலும் நடந்தது. 1946 ஜூலை 25-ல் நீருக்கடியில் வெடித்த பேக்கர் குண்டுக்குப் பிறகு, மாலுமிகள் கப்பல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த கெய்கர் கருவிகளால் புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரைப் பிடிக்க முடியவில்லை. கதிரியக்கப் பாதுகாப்புக்குத் தலைமை வகித்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன் எவ்வளவு எச்சரித்தும் வேலை நிற்கவில்லை. கடைசியில், அந்தக் கடலில் பிடித்த மீன் ஒன்று தன் உடலிலிருந்த கதிரியக்கத்தாலேயே ஒளிப்படத் தகட்டில் தன் உருவத்தைப் பதித்திருந்ததைக் காட்டினார். ஆகஸ்ட் 10-ல், சோதனைகளுக்குத் தலைமை வகித்த அட்மிரல் பிளாண்டி பணியை நிறுத்தினார். பொறுப்பிலிருந்த யாருடைய அறிக்கையையும் சாராத ஒரு சாட்சி வந்த பிறகுதான் உண்மை எடுபட்டது. பதிவேடு நம்பத்தக்கதாக வேண்டுமானால் இத்தகைய சாட்சியை முன்கூட்டியே அதற்குள் வைத்திருக்க வேண்டும். எடுத்த மாதிரியை அங்கேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத இடத்தில் முத்திரையிட்டுச் சேமிக்கலாம். எந்தக் குழியில் மறுசோதனை நடக்கும் என்பதைத் தோண்டுபவருக்குச் சொல்லாமல் குலுக்கலில் முடிவு செய்யலாம்.

செலவும் தாமதமும் கூடும் என்பார்கள், கூடும்தான். ராணுவ நிலத்தில் வெளியாரை நிறுத்த முடியாது, ரகசியம் போய்விடும் என்றும் சொல்வார்கள். அதற்கு ரசாயன ஆயுத ஒழிப்பே பதில். கென்டக்கியின் புளூ கிராஸ் கிடங்கில் 2023 ஜூலையில் அமெரிக்காவின் கடைசி ரசாயன ஆயுதம் அழிக்கப்படும் வரை, சர்வதேச ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் அழிப்பு நிலையங்களுக்குள் இருந்து சரிபார்த்து வந்தார்கள். நரம்பு வாயுக் குண்டுகளுக்குப் பக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளரை நிற்கவைக்க முடிந்த ராணுவத்துக்கு, மூடிக் கிடந்த ஒரு கப்பல் தளத்தில் மண் அள்ளும் இடத்தில் மூன்றாம் ஆளை நிறுத்துவது முடியாத காரியமாக இருந்திருக்காது. எதிர்நாடு சந்தேகிக்கும் என்ற அச்சம் இருந்த இடத்தில் சாட்சி வைத்தார்கள். ஹன்டர்ஸ் பாயின்ட்டைச் சுற்றி நெடுங்காலமாக வாழ்ந்துவருபவர்களில் ஏழைக் கறுப்பின மக்கள் ஏராளம். அவர்களுடைய சந்தேகத்துக்கு அந்த எடை கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எனக்கு மோசடியைவிடவும் அதிகமாக வலிக்கிறது.

தண்டனை பயமே போதும் என்ற வாதமும் உண்டு. 2016-ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்த விவகாரத்துக்காக விதிக்க முன்வந்த அபராதம் 7,000 டாலர். கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. டெட்ரா டெக் ஈசி மேல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. அதுவரை அந்த நிலத்தின் உண்மை நிலை யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் கிடந்தது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. மறுபடி சோதித்தால் பெரும்பகுதி நிலம் சுத்தமாகவே இருக்கலாம், வீண் பீதி கிளப்பக் கூடாது என்பது. இருக்கலாம். ஆனால் பார்சல் ஏ என்ற பகுதி சுத்தமானது என்று 2004-லேயே நகரத்திடம் ஒப்படைக்கப்பட்டு, வீடுகளும் எழுந்துவிட்டன. 2018 செப்டம்பரில் கலிஃபோர்னியா சுகாதாரத் துறை அங்கே சோதித்தபோது, கப்பலின் மேல்தளத்தில் இருட்டில் வழிகாட்டப் பயன்பட்ட ரேடியம் வில்லை ஒன்று ஓரடிக்கும் குறைவான ஆழத்தில் கிடைத்தது. ஒரே ஒரு வில்லையால் பேராபத்து வந்துவிடாது. ஆனால் அங்கே குடியிருப்பவர் அடுத்த வில்லை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு நம்பத்தக்க தாள் இல்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். இன்றைய படிவத்தைப் பிற்காலத்தில் புரட்டுபவர்களுக்கு, கையெழுத்திட்டவரைக் கூப்பிட்டுக் கேட்க வழியிருக்காது. முத்திரையிட்ட அந்தப் பாதி மண்ணாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.