தூய்மை என்னும் கலைச்சொல்: செய்நிரலிலும் தீர்மான மரத்திலும்

கணனியியலார் தமது கலைச்சொற்களைப் பெரும்பாலும் அன்றாட வாழ்விலிருந்தே எடுத்துள்ளனர். மரம், கிளை, இலை, அடுக்கு, வரிசை ஆகியன அத்தகையன. இவை எவரையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. ஆயின் தூய்மை, தூய்மையின்மை என்னும் இரட்டைச் சொற்கள் அவ்வகையின அல்ல. அவை ஒரு பொருளைச் சுட்டும்போதே அதனை மதிப்பிட்டும் விடுகின்றன. துடக்கு என்னும் சொல்லை வீட்டிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்தவர்க்கு, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அறிந்தவர்க்கு, இச்சொல்லின் சுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரட்டைச் சொற்கள் கணனியியலின் இரு பகுதிகளில் இன்று நிலைபெற்றுள்ளன. ஒன்று செய்நிரலாக்கம், மற்றையது தரவுகளிலிருந்து தீர்மான மரங்களை ஆக்கும் முறை. இரு பகுதியினரும் ஒரே சொல்லை வழங்குவதால் ஒரே பொருளையே கருதுகின்றனர் என்ற எண்ணம் மாணவரிடையே காணப்படுகின்றது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், இவ்வேறுபாட்டைக் காணாது விடுதல் சொல்லாராய்ச்சிக்கு அப்பாற்பட்ட விளைவுகளை உடையது என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செய்நிரலிலிருந்து தொடங்குவோம். ஒரு சார்பு, தனக்குத் தரப்பட்ட உள்ளீடுகளை மாத்திரம் கொண்டு விடையைத் தருமாயின், ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடையைத் தருமாயின், விடை தருவதன்றி வேறெதனையும் புறத்தே மாற்றாதாயின் அது தூய சார்பு எனப்படும். இரண்டு எண்களைக் கூட்டுவது தூயது. இன்றைய திகதியைக் கேட்பது, கோப்பொன்றில் எழுதுவது, குலுக்கலாக ஓர் எண்ணைப் பெறுவது ஆகியன தூயன அல்ல. (கணிதத்தில் நாம் வழங்கும் ‘சார்பு’ என்ற சொல்லுக்கு ஒன்றைச் சார்ந்திருத்தல் என்ற பொருளும் உண்டாகையால், தூய சார்பென்பது புறவுலகைச் சாராத சார்பு என்றாகின்றது. ஆங்கிலத்தில் இல்லாத இச்சிலேடை தமிழில் தானாக வந்து வாய்த்தது.)

இக்கருத்தின் வேர் மெய்யியலில் உள்ளது. ஒரு தொடரின் உறுப்பொன்றை அதே பொருளைக் குறிக்கும் வேறோர் உறுப்பால் மாற்றினாலும் தொடரின் உண்மை மாறாதிருக்கும் இயல்பினைக் குவைன் 1960இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார். அதனைச் செய்நிரல் மொழிகளின் ஆய்வுக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி; 1967இல் கொப்பன்ஹேகனில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் இத்துறையில் இன்றும் பேசப்படுவன. இங்குப் பேசப்பட்டது சமனானவற்றை ஒன்றிற்கொன்று மாற்றியிடக்கூடிய இயல்பு. அழுக்கு, துப்புரவு என்ற எண்ணத்திற்கு அதில் இடமில்லை. அவ்வியல்பு ‘தூய்மை’ என்று வழங்கத் தொடங்கியதும் மதிப்பீடும் உடன் புகுந்தது. இதன் குறையை அத்துறையினரே உணர்ந்தனர். ஜோன் ஹியூஸ் 1989இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், சார்புநிலைச் செய்நிரலாக்கத்தின் சிறப்பினை ‘இது இல்லை, அது இல்லை’ என்று எதிர்மறைகளால் மட்டும் கூறுவோரைப் புலனின்பங்களைத் துறந்து அதனாலேயே தாம் நல்லவராவோம் என்று நம்பிய துறவிக்கு ஒப்பிட்டார். ஒப்புமை கூரியது. எதையும் செய்யாதிருத்தல் ஒரு பயனாகாது. எதனையும் வாசியாமலும் எழுதாமலும் ஒரு செய்நிரல் முற்றிலும் தூயதாய் ஓடினால், அது ஓடியமைக்கான தடயம் பொறி சற்றுச் சூடேறியமை ஒன்றே.

ஹஸ்கெல் மொழியின் வரலாறு இச்சிக்கலை ஒழுங்காக எதிர்கொண்ட வரலாறாகும். 1990இல் அதன் முதல் வரையறை வெளிவந்தபோது, உலகத்தோடு செய்நிரல் உரையாடுவதற்கு வகுக்கப்பட்ட வழிகள் வாய்ப்பற்றனவாய் இருந்தன. யூஜீனியோ மொஜ்ஜி கணித நோக்கில் ஆராய்ந்த ஓர் அமைப்பினைப் பிலிப் வொட்லரும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் இதற்குப் பயன்படுத்திக் காட்டினர். 1996இல் அது மொழியின் வரையறையில் இடம்பெற்றது. அதன் சாரத்தைச் சுருங்கக் கூறலாம். உலகைத் தொடும் எச்செயலும் தனது வகையிலேயே அதனை அறிவித்தல் வேண்டும். அத்தகைய செயலை நாடும் சார்பும் அதே குறியைத் தன் வகையில் ஏற்றல் வேண்டும். இவ்வாறு குறி மேலே மேலே பரவும். தூயதை எவரும் அழைக்கலாம். தூயதல்லாததை அழைத்தவர் தூயவராக நீடிக்க இயலாது.

இதனைக் கண்டதும் தீட்டின் தருக்கம் நினைவுக்கு வருவது இயல்பே. தொடுவதால் பரவுதல் இரண்டிற்கும் பொது. எனினும் ஒப்புமையை இங்கே நிறுத்திவிடுதல் மேலோட்டமான விமரிசனமாகும். மேரி டக்ளஸ் 1966இல் வெளியான ஆய்வில், அழுக்கென்பது பொருளின் இயல்பன்று, தனக்குரிய இடத்தில் இல்லாத பொருளே அழுக்கு என்று காட்டினார். ஆகவே எல்லைக்கோட்டை யார் வரைந்தார், எங்கே வரைந்தார் என்பதே வினா. தூய சார்பும் நேரத்தைச் செலவிடுகின்றது, நினைவகத்தைக் கொள்கின்றது, இவை புறவுலக மாற்றங்களே. இவற்றைப் பக்கவிளைவாகக் கணக்கிடுவதில்லை என்று மொழியை ஆக்கியோர் முடிவு செய்துள்ளனர். ஹஸ்கெலைப் பொறுத்தவரை, அம்முடிவு வரையறையில் எழுதப்பட்டிருக்கின்றது. எந்தச் சார்பு கோட்டின் எப்பக்கத்தில் நிற்கின்றது என்பது அதன் வகையிலே தெரிகின்றது. விதியை மீறுவதற்கான பின்கதவு ஒன்றும் உண்டு. அதுவும் ‘பாதுகாப்பற்றது’ என்ற அடைமொழியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. துடக்கு என்ற வழக்கில் இத்தகைய வெளிப்படைத் தன்மையைக் காண்டலரிது.

இனி மரத்திற்கு வருவோம். தீர்மான மரம் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும் வினாக்களின் அமைப்பு. ஒவ்வொரு வினாவும் ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும். எவ்வினாவை முதலிற் கேட்பது என்பதைத் தரவே தீர்மானிக்கின்றது. லியோ பிரைமன், ஜெரோம் பிரீட்மன், றிச்சர்ட் ஓல்ஷன், சார்ள்ஸ் ஸ்ரோன் ஆகிய நால்வரும் 1984இல் வெளியிட்ட நூல் இம்முறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவர்கள் கணுவொன்றின் ‘தூய்மையின்மை’யை எண்ணால் அளந்தனர். ஒரு கணுவில் 10 பேர் உளர் எனவும், அவருள் 5 பேர் ஒரு வகுப்பினர், 5 பேர் மற்றை வகுப்பினர் எனவும் கொள்வோம். ஒவ்வொரு வகுப்பின் விகிதத்தையும் வர்க்கித்துக் கூட்டி, அத்தொகையை 1இலிருந்து கழித்தால் 0.5 கிடைக்கும். 8 பேரும் 2 பேருமாயின் 0.32. பத்துப் பேரும் ஒரே வகுப்பினராயின் 0. அக்கணு முழுத்தூய்மை பெற்றது. றொஸ் குவின்லன் 1986இல் விரிவாக விளக்கிய முறையில் இதற்குப் பதிலாக எந்திரப்பி என்ற அளவு பயன்படுகின்றது. நமது நோக்கிற்கு வேறுபாடு பெரிதன்று.

இங்கே தூய்மையென்பது புறவுலகோடு தொடர்பின்மையைக் குறிக்கவில்லை. உள்ளே பல்வகையினர் இல்லாமையையே குறிக்கின்றது. செய்நிரலின் தூய்மை உண்டு அல்லது இல்லை என்று முடிவது. மரத்தின் தூய்மையோ படிப்படியாக மிகுவதும் குறைவதுமாகிய அளவு. முன்னையது விலகி நிற்றல். பின்னையது ஒரே தன்மையதாதல்.

இவ்வளவுகோல் எதனை விரும்புகின்றது என்பதைச் சிறு கணக்கொன்றால் காணலாம். இரு வகுப்பினரும் நாற்பதின்மராக 80 பேர் உளர். முதல் வினா அவர்களை 30க்கு 10 என்றும், 10க்கு 30 என்றும் பிரிக்கின்றது. இரண்டாம் வினா 20க்கு 40 என்றும், 20க்கு 0 என்றும் பிரிக்கின்றது. ஒவ்வொரு பிரிவிலும் பெரும்பான்மையோரின் வகுப்பையே விடையாகக் கொண்டால் இரு வினாக்களாலும் 20 பேர் தவறாக வகுக்கப்படுவர். ஆயினும் முதல் வினாவின் சராசரித் தூய்மையின்மை 0.375, இரண்டாவதினது ஏறத்தாழ 0.333. எனவே இரண்டாவதே தெரிவுசெய்யப்படும். பிழை சமமாயிருந்தும் அளவுகோல் அதன்பாற் சாய்வதற்குக் காரணம், இருபதின்மர் கொண்ட அந்தத் தூய கணுவேயாகும். அதனை மேலும் பிரிக்க வேண்டியதில்லை என்ற நியாயம் இதற்குண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சிய அறுபதின்மரின் கணுவைப் பார்ப்போர் சிலரே. அதன் தூய்மையின்மை 0.444, முதல் வினாவால் வந்த எக்கணுவையும்விட அது கலப்பு மிக்கது.

இந்த எண்ணின் வரலாறும் ஆழ்ந்து நோக்கற்பாலது. கொறாடோ ஜினி 1912இல் வெளியிட்ட நூலில் இதனை வகைகள் வேறுபடும் தன்மைக்கான அளவாகவே கொண்டார். 1949இல் எட்வர்ட் சிம்சன் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதிய சிறு கட்டுரை இதே வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் கொண்டு பன்மையை அளந்தது. சூழலியலார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அதனால் நேர்ந்ததென்ன? ஒரு மழைக்காட்டில் பல இனங்கள் சமமாகக் கலந்து நிற்குமாயின் அந்த எண் உயர்கின்றது. சூழலியலார் மகிழ்ந்து அதனைப் பல்வகைமை என்பர். ஒரு கணுவில் பல வகுப்பினர் கலந்து நின்றால் அதே எண் அதே சூத்திரத்தால் உயர்கின்றது. மாதிரி ஆக்குவோர் அதனைத் தூய்மையின்மை என்று குறைகூறுவர். கணிதம் எச்சார்பும் எடுக்கவில்லை. பெயரே சார்பு எடுத்தது.

முழுத்தூய்மையைத் தேடிச் செல்லும் மரம் எங்கே போய் முடியும் என்பதை அதனை ஆக்கியோர் நன்கறிந்திருந்தனர். ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு மாறியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஓர் இலை என்று மரம் பிரிந்துவிடும். இலை யாவும் முழுத்தூய்மை பெறும். மரத்திற்கு எதுவும் தெரியாது. பெறுமானங்கள் மிகப் பலவாயுள்ள மாறிகளின்பால் தமது அளவுகோல் சாய்வதைக் குவின்லன் 1986இலேயே எடுத்துக்கூறித் திருத்தமும் முன்வைத்தார். பிரைமன் முதலியோர் வேறு வழியிற் சென்றனர். மரத்தைப் பெரிதாக வளரவிட்டுப் பின் கவ்வாத்துச் செய்தனர். கவ்வாத்தென்பது, இலைகள் சற்றுக் கலப்புடையனவாகவே இருக்கட்டும் என்று விடுவதன்றி வேறென்ன? 2001இல் பிரைமன் முன்வைத்த மரக்காட்டு முறையில் கவ்வாத்தும் இல்லை. ஒவ்வொரு மரமும் தன் தூய்மையின் எல்லைவரை வளர்கின்றது; பின்னர் பல நூறு மரங்களின் வாக்குகள் கலக்கப்படுகின்றன. உள்ளே விலக்கப்பட்ட கலப்பு வெளியே மீட்டெடுக்கப்படுகின்றது.

இத்தனையும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிடுமாயின் ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் எழுதவேண்டிய தேவையில்லை. இலையில் இருப்பவர் மனிதர் என்பதே பிரச்சினை. 1984ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் வரும் எடுத்துக்காட்டு சன் டியேகோவின் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்குரியது. மாரடைப்பு நோயாளரிடம் முதல் 24 மணி நேரத்தில் 19 மாறிகள் அளக்கப்பட்டன. ஆக்கப்பட்ட மரம் மூன்று வினாக்களையே கேட்டது: அக்காலத்தில் சுருங்கற்குருதியமுக்கம் இறங்கிய மிகக்குறைந்த அளவு 91இற்கு மேற்பட்டதா, வயது 62.5இற்கு மேற்பட்டதா, இதயம் ஒருவகை மிகைவேகத்தில் துடிக்கின்றதா. இது போற்றத்தக்க எளிமை. மரம் நேர்மையாக நின்றமைக்கு அதன் வகுப்புப் பெயர்களும் காரணம்: 30 நாள் உயிர்வாழ்ந்தாரா இல்லையா என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

எல்லா வகுப்புப் பெயர்களும் இத்தகையன அல்ல. விடுதலையானவருள் யார் மீண்டும் குற்றம் புரிவார் என்று கணிக்க மரமொன்றை ஆக்குவதாகக் கொள்வோம். குற்றம் புரிந்தமை பதிவேட்டில் இராது, கைதுசெய்யப்பட்டமையே இருக்கும். பொலிசார் அடிக்கடி ரோந்து செல்லும் பகுதியில் வாழ்வோரே அடிக்கடி கைதாவர். இப்பதிவிலிருந்து எழும் இலை முழுத்தூய்மை பெற்றிருக்கலாம். அத்தூய்மை பெயரிட்டோரின் பழக்கம் சீராயிருந்தமைக்கே சான்று. இரு வகுப்புகளை ஒரு பெயரின்கீழ் அடக்கினால் கலப்புற்ற கணு தூயதாகும். ஒன்றை இரண்டாகப் பகுத்தால் தூயது கலப்புறும். மனிதர் எவரும் மாறவில்லை, கோடே மாறியது.

இரு தூய்மைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமும் இதுவே. ஆக்கி முடிக்கப்பட்ட தீர்மான மரம் செய்நிரலாளர் நோக்கில் முற்றிலும் தூய சார்பு. அதே விபரங்களைக் கொடுத்தால் என்றும் அதே விடையைத் தரும், எவரையும் பாராது, எதையும் மாற்றாது. அதனால் அதன் விடைக்கு ஒரு நடுநிலைத் தோற்றம் வாய்க்கின்றது. ஆனால் அதனை ஆக்கிய செயல் தரவுத்தளத்தையும் பதிவேட்டையும் எழுதுவினைஞரின் கையையும் தொட்டே வந்தது. ஹஸ்கெலின் வகை முறையில் உலகைத் தொட்ட குறி மறைய இயலாது; மரத்திலோ, ஆக்கி முடிந்த கணமே அக்குறி அழிந்துபோகின்றது. உலகத்தின் பிடியிலிருந்து விலகியது என்று ஒரு பொருளில் தூயதாகவும், ஒரே வகையினர் என்று மறுபொருளில் தூயதாகவும் தோன்றும் இலையை வாசிப்பவர், இரண்டையும் சேர்த்து ‘உண்மை’ என்று படித்துவிடுகின்றார்.

தமிழில் இவற்றை எழுதுவோர்க்கு ஒரு வாய்ப்பு எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தமையால் நாமும் ஒரு சொல்லையே வழங்கவேண்டும் என்ற நியதியில்லை. தூய சார்பு என்ற வழக்கு செய்நிரலில் நிலைபெறட்டும். அங்கே வகை அதற்குக் காவல் நிற்கின்றது. கணுவின் அளவைக் கலப்பு என்று வழங்குதல் தகும். ‘கலப்பு 0’ என்று கண்டவர் எதனோடு எது கலக்கவில்லை என்று கேட்பார். ‘முழுத்தூய்மை’ என்று கண்டவர் அவ்வாறு கேட்பதரிது. அவ்வெண்ணின் அருகே அந்த இலையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும், அவர்க்கு வகுப்புப் பெயரை இட்ட பதிவேடு எது என்பதையும் எழுதிவைத்தல் ஒரு வரிக்கு மேற்பட்ட வேலையன்று.