ஒத்து ஊதியவர் யார்?

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பார்க்காத வீடு தஞ்சாவூர்ப் பக்கம் இருக்காது. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி ஊதும்போது கன்னம் புடைப்பதையும் விரல் ஓடுவதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவோம். ஆனா நம்ம காதுல விழுறது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) ஜெமினி கணேசன் வாயசைக்க, ஊதியவர் காருகுறிச்சி அருணாசலம்.

இதெல்லாம் சுலபமான கேள்வி. முகம் வேறு, மூச்சு வேறு என்றாலும் பெயர் பதிவாகிவிட்டது.

கஷ்டம், நிஜக் கச்சேரியின் பழைய படத்துண்டுகளில்தான். அங்கே கருவிகளே கொஞ்சம் துப்பு கொடுக்கும். குழல் குட்டையாக இருந்து சுருதியும் உச்சத்தில் இருந்தால் திமிரி. நீளமாக, கனத்த குரலில் பேசினால் பாரி நாயனம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவலாக்கியது, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்தது. தவில்காரர் இடக்கையில் குச்சியும் வலக்கை விரல்களில் கூடும் வைத்திருப்பார். மாறியிருந்தால் அவர் இடதுகைக்காரர், இல்லன்னா படச்சுருளைத் திருப்பிப் போட்டுட்டாங்க.

ஓரத்தில் ஒருவர் நாயனம் மாதிரியே ஒன்றை ஊதிக்கொண்டு, விரலை அசைக்காமல் நின்றால் அது ஒத்து. மூச்சு அறாமல் ஒரே சுரத்தை இரவெல்லாம் பிடித்து நிற்க வேண்டும். சுருதிப்பெட்டி வந்ததும் அவர் மேளத்திலிருந்து காணாமல் போனார். அதனால் படத்தில் ஒத்து தெரிந்தால் அது பழைய வழக்கத்தின் சாட்சி. காலத்தைக் கணிக்க அவர் உதவுகிறார். அவர் பெயரைக் கேட்டால்தான் பதில் இல்லை.

அமெரிக்காவில் டெக்ஸஸ் பக்கத்து வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸ், பாட்டுக்கு நடுவிலேயே வாசிப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஸ்டீல் கிட்டார் லியோன் மெக்காலிஃப் பெயர் இசைத்தட்டிலேயே ஒலிக்கிறது. நம்ம நாயனக்காரர் வாயில் சீவாளி. கூப்பிட முடியாது, நியாயம். கேட்டவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் வாய் இருந்ததே?

‘தில்லானா’வைத் திரும்பப் பார்த்தபோது இதுதான் உறுத்தியது. தவில் முத்துராக்குவாக பாலையாவுக்கு எத்தனை அழகான பாத்திரம்! பக்கவாத்தியத்துக்கு அவ்வளவு மரியாதை தந்த படம் அது. ஆனாலும் அதில் ஒத்துக்காரர் என்று ஒரு மனிதர் என் நினைவில் நிற்கவில்லை.

பெயரை மறந்த நம் மொழி, தொழிலை மட்டும் மறக்கவில்லை. முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுறான்’ என்கிறோம், ‘ஜால்ரா தட்டுறான்’ என்கிறோம். சுருதியும் தாளமும் பிடித்து ஒரு கச்சேரியையே தாங்கியவர்கள், நம் பேச்சில் வசவாக மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள்.

வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் எடுங்கள். மேளக்காரர்கள் நிற்கும் படத்தில், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவரைக் காட்டி, அப்பாயிகிட்ட கேளுங்க: “இவரு பேரு என்ன?” அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். தெரிந்தால், படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.